கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாக ஓடுகிறதா? நுனியைக் கிள்ளுங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை வளர்க்கும் பலருக்கும் ஒரே புலம்பல்: செடி மேலே போகிறது, பக்கக் கிளையே இல்லை. உடனே உரத்தைக் கொட்டாதீர்கள்.

நுனிக்குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு என்று கைமாறி, மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில் கீழே இறங்குகிறது. ‘பின்’ (PIN) எனப்படும் புரதங்கள் செல்லின் அடிப்பக்கத்தில் கதவு மாதிரி உட்கார்ந்து அதை வெளியே தள்ளுவதால்தான் இந்த ஒருவழிப் பாதை. இந்த ஓட்டம் பலமாக இருக்கும்வரை இலைக்கக்கத்து மொட்டுகள் தூங்கும். 1933இல் திமன், ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் நுனி வெட்டிய அவரைச் செடியில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள், பக்க மொட்டுகள் மறுபடி அடங்கிவிட்டன!

சரி, செய்யவேண்டியது இதுதான். செடி முழங்கால் உயரம் வந்ததும், சுத்தமான கத்தரிக்கோலால் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டியது ரசத்துக்கு. அப்புறம் காத்திருங்கள், கணுவில் பச்சைப் புள்ளி தெரியும்.

தாழ்வாரத்தில் வெளிச்சம் ஒரு பக்கம்தானே, ஆக்சின் நிழல்பக்கம் ஒதுங்கி அங்குள்ள செல்களை நீட்டுவதால் செடி வெளியே எட்டிப்பார்க்கும். வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்புங்கள்.

கற்பூரவள்ளிக் குச்சி நடும்போது தலைகீழாகச் செருகாதீர்கள் (நான் செருகியிருக்கிறேன்). ஆக்சின் சேர்வது அடிமுனையில், வேரும் அங்கேதான் பிடிக்கும்.