கதவு சாத்தாத காதல் நாவல்கள்: வாசித்துக் கருத்து எழுதும் முறை

வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியை ஒட்டிய எங்கள் கிராமத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து 120 பக்கக் கொப்பி ஒன்றைச் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். நாவலை வாசித்து முடித்தவர் தம் கருத்தை அதில் எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நாங்கள் வாசிப்பவை பெரும்பாலும் இக்காலக் காதல் நாவல்கள். அவற்றிலும், படுக்கையறைக் கதவை வாசகரின் முகத்தில் அடித்துச் சாத்தாதவை. அந்தக் கொப்பியில் நான் எழுதிய முதற் கருத்து ஒரே ஒரு சொல்: “ஆபாசம்.” கொப்பி சுற்றி வந்தபோது, எங்களில் மூத்த அக்கா அதன் கீழே பச்சைப் பேனையால் எழுதியிருந்தார்: “எது எண்டு சொல்லன் பிள்ளை. பக்கம் எத்தனை?” எனக்குப் பதில் எழுத வரவில்லை. நாவலை இரண்டே இரவுகளில் விழுந்து விழுந்து வாசித்துவிட்டு, வாசித்த கூச்சத்தை மறைக்கவே அந்தச் சொல்லை எழுதினேன் என்பது எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் தெரிந்திருந்தது. அதன் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறையையே இங்கு எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்த வகைக் கதை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காதல் நாவலுக்கு வாசகரோடு ஓர் உடன்படிக்கை உண்டு: காதலே கதையின் நடுத்தண்டாக இருக்கும், முடிவில் இருவரும் சேர்வார்கள். 1908இல் லண்டனில் தொடங்கிப் பிற்காலத்தில் காதல் கதைகளுக்கென்றே பெயர்பெற்ற மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் நாவலானாலும், எங்கள் தாய்மார் அட்டை கிழியக் கிழியக் கைமாற்றி வாசித்த ரமணிசந்திரனின் நாவலானாலும், இன்று பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடராக வரும் நாவலானாலும் இந்த உடன்படிக்கை பெரிதும் மாறுவதில்லை. ஆகவே “முடிவு முன்பே தெரிந்துவிட்டது” என்று எழுதுவது, துப்பறியும் கதையில் கொலையாளி பிடிபட்டுவிட்டான் என்று குறைப்படுவதற்கு ஒப்பானது. எதைக் கொடுத்து, எதை விட்டுச் சேர்ந்தார்கள் என்பதைக் கேளுங்கள். அங்கேதான் நல்ல நாவலும் மோசமான நாவலும் பிரிகின்றன.

நெருக்கக் காட்சிகள் எவ்வளவு வெளிப்படையானவை என்பதை ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. இத்தனை மிளகாய் என்று காரத்தின் அளவாகக் குறிக்கும் வழக்கம் வாசகரிடையே உண்டு. எங்கள் கொப்பியில் அது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை, ஏனெனில் ஒரு வீட்டில் குழந்தைக்கு ஊட்டும் குழம்பு இன்னொரு வீட்டில் கண்ணீர் வரவழைக்கும். இப்போது கதவைக் கொண்டு சொல்கிறோம். கதவு சாத்தப்பட்டது, ஒருக்களித்திருக்கிறது, அகலத் திறந்திருக்கிறது என்ற மூன்றும் போதும். அத்துடன் அத்தகைய காட்சிகள் எத்தனை, முதலாவது எந்த அத்தியாயத்தில் வருகிறது என்றும் எழுதினால், விரும்பாதவர் விலகிக்கொள்வார், விரும்புபவர் தேடிக்கொள்வார். இரண்டிலும் வெட்கப்பட எதுவும் இல்லை.

இத்தகைய நாவலை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் முறை கதையின் வேகத்துக்கு உங்களை ஒப்புக்கொடுத்து வாசியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். இரவில் வாசித்து முடித்த கையோடு கருத்தும் எழுத வேண்டாம். அந்த நேரத்தில் எழுதப்படுவது ஒன்றில் மயக்கமாக இருக்கும், இல்லையேல் என்னுடையதைப் போலக் கூச்சமாக இருக்கும். மறுநாள், வீட்டு வேலை முடிந்து விறாந்தையில் வெயில் இறங்கும் வேளையில், நெருக்கக் காட்சி வரும் அத்தியாயத்தையும் அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் மட்டும் மீண்டும் வாசியுங்கள். உங்களுக்கு வேண்டிய அனைத்தும் அந்த மூன்று அத்தியாயங்களில் கிடைத்துவிடும்.

அங்கே கேட்க வேண்டிய முதற் கேள்வி: இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? அண்மையில் நான் வாசித்த இரண்டு நாவல்களை வைத்து இதை விளக்குகிறேன். ஒன்றில் சென்னை நிறுவன முதலாளி ஒருவன், சொத்துக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் தன் அலுவலகப் பெண்ணைத் திருமணம் செய்கிறான். ஏழு நெருக்கக் காட்சிகள் உள்ளன. ஏழும் ஒன்றையொன்று நகலெடுத்தவை. இரவில் உருகுகிறார்கள், காலையில் எதுவும் நடக்காதது போல முந்திய நாள் சண்டையைத் தொடர்கிறார்கள். மூன்றாவது காட்சிக்குப் பின் நான் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். கதையில் எதையும் இழக்கவில்லை. மற்ற நாவல் கனடாவின் ஸ்காபரோவில் நடக்கிறது. நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு இடது தோளிலிருந்து முதுகு வரை, போரில் ஷெல் பீஸ் (குண்டுச் சிதறல்) பட்ட தழும்பு இருக்கிறது. முதல் இரவில் அவள் விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அவன் காரணம் கேட்காமல் அணைக்கிறான். இருட்டில் அவனுடைய விரல் தழும்பில் பட்டு ஒரு கணம் நிற்கிறது, பின்பு அதன் கரையோடு மெல்ல நகர்கிறது, “எந்த ஊரில?” என்று மட்டும் கேட்கிறான். அவள் சொல்லவில்லை. நான்கு அத்தியாயங்கள் கழித்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, தானாகவே ஊரின் பெயரைச் சொல்கிறாள். முதற் காட்சியை எடுத்துவிட்டால் இரண்டாவது காட்சிக்குப் பொருளே இல்லை. உடல் இங்கே கதைக்கு அலங்காரமாக வரவில்லை. கதையே உடலில் நடக்கிறது. வெளிப்படைத்தன்மையில் இரண்டு நாவல்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னதை ஆபாசம் என்று திட்டிப் பயனில்லை; அது சலிப்பூட்டுவது, அவ்வளவுதான்.

அளவைப் பற்றிய ஐயம் வரும்போது நான் திருக்குறளின் காமத்துப்பாலைத் துணைக்கு அழைப்பதுண்டு. அதில் 25 அதிகாரங்கள், 250 குறள்கள். களவியலுக்கு 7 அதிகாரங்களும் கற்பியலுக்கு 18 அதிகாரங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. கூடலின் மகிழ்ச்சியைத் தலைப்பிலேயே சொல்வது ‘புணர்ச்சி மகிழ்தல்’ என்ற ஒரே அதிகாரம். மீதியில் பெரும்பகுதியைக் குறிப்பறிதலும் ஊர்ப்பேச்சும் பிரிவும் ஏக்கமும் எடுத்துக்கொள்ள, கடைசி மூன்று அதிகாரங்கள் புலவிக்கும் ஊடலுக்கும் உரியவை. இன்றைய நாவல் இதே கணக்கில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூடலுக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு இந்த நாவல் எத்தனை பக்கங்களைக் கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். சிறப்பாக, நாவலாசிரியர் சேர்ந்த பிறகு வரும் ஊடலை எழுதத் தெரிந்தவரா, அல்லது யாரோ சொன்ன ஒரு பொய்யை நம்பி இருவரையும் பிரித்துவைக்கும் பழைய வித்தையைத்தான் எடுத்துவிட்டாரா என்று பாருங்கள்.

அடுத்தது சம்மதம். தமிழ்த் தொடர் நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ என்றொரு வகை மிகுந்த செல்வாக்கோடு இருக்கிறது: கடத்துவான், அடைப்பான், கட்டாயமாகத் தாலி கட்டுவான், பிறகு அவனுடைய சிறுவயதுத் துயரத்தைக் கேட்டு அவள் மனமிளகுவாள். இதை விரும்பி வாசிக்கும் பெண்களை ஏளனம் செய்வது எளிது, அதைச் செய்யாதீர்கள். கற்பனையில் ஒன்றை ரசிப்பதும் வாழ்வில் அதை ஏற்பதும் வேறு வேறு. கருத்து எழுதுபவர் பார்க்க வேண்டியது, நாயகன் செய்வதைக் கதை எந்த இடத்தில் நின்று பார்க்கிறது என்பதையே. அவள் மறுத்த இடத்தில் அந்த மறுப்புக்கு நாவல் என்ன மதிப்புக் கொடுக்கிறது? அவளுடைய மனம் நமக்குக் காட்டப்படுகிறதா, அல்லது நாவலாசிரியர் அவளுடைய உடல் இணங்கிவிட்டதாக எழுதி மனத்தையும் சேர்த்துக் கணக்கை முடித்துவிடுகிறாரா? எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அதைப் பஸ் காசுச் சோதனை என்று கொப்பியில் எல்லோரும் இப்போது எழுதுகிறார்கள். அந்த இரவில் நாயகியின் கையில் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பஸ் காசு இருக்கிறதா? இருந்தும் அவள் நிற்கிறாள் என்றால் அது காதல் காட்சி. இல்லாமல் நிற்கிறாள் என்றால், அந்த இல்லாமையை நாவலாசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறாரா என்பதைத் தேட வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். உடலை எழுதும்போது தமிழ் நாவலாசிரியர் பலருக்குத் திடீரென்று கவிதை வந்துவிடுகிறது. மலரும் தேனும் மின்னலும் போட்டிபோட, யாருடைய கை எங்கே இருக்கிறதென்றே விளங்காமற் போகிறது. அத்தகைய வாக்கியம் ஒன்றை மேற்கோளாகக் கொடுத்தால் போதும், விமர்சனம் தானாக முடிந்துவிடும். உங்கள் கருத்தில் அதே தவறைச் செய்யாமல், நெருக்கம், வேட்கை, கூடல், தயக்கம் போன்ற தெளிவான சொற்களையே எழுதுங்கள்.

இனி, வன்னியில் இருந்து வாசிப்பவர் ஒளிக்கக் கூடாத ஒன்று உண்டு. ஆங்கிலக் காதல் நாவல்களில் ஐஸ் ஹொக்கி வீரன் நாயகனாக வருவது இப்போது பெரும் மோகம். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸைத் தவிர வேறு ஐஸைக் காணாத எனக்கு அது வேடிக்கையான தூரம். அந்தத் தூரத்தோடு மகிழ்ச்சியாக வாசித்துவிட்டேன். ஆனால் படைவீரன் நாயகனாகும் கதைகளும் அங்கே ஒரு தனிவகை. சீருடையின் பொத்தான்களை நாயகி ஒவ்வொன்றாகக் கழற்றும் காட்சியை எழுதியவர் ஒரு கிளர்ச்சியை எண்ணி எழுதியிருப்பார். போர் நடந்த மண்ணில் வாழும் எங்களில் இருவர் அந்தப் பக்கத்தோடு நூலை மூடிவிட்டார்கள். அது அந்த நாவலின் கைவேலைக் குறை அல்ல. ஆகவே “நாவல் மோசம்” என்று எழுதுவது நேர்மையாகாது. “என்னால் இதை வாசிக்க முடியவில்லை, காரணம் இது” என்று எழுதுவதே முறை.

இதைவிடக் கடினமானது, காணாமற்போன கணவன் பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வரும் கதை. இரண்டாம் வாய்ப்புக் காதல் என்று இதை இனிப்பாக எழுதுவார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியோரத்தில் தொடங்கிய போராட்டத்தை அறிந்த ஊரில், அதில் சென்று அமர்ந்த பெண்களும் உள்ள வாசிப்பு வட்டத்தில், அத்தகைய நாவலை எச்சரிக்கை இல்லாமல் கைமாற்றக் கூடாது. சங்க இலக்கியத்தின் முல்லைத் திணைக்கு இருத்தல் என்று வகுத்தார்கள், காத்திருத்தல் என்று பொருள். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தின் பெயரிலேயே முல்லை இருக்கிறது. கருத்தின் முதல் வரியிலேயே, கதைச் சுவை கெடினும் பரவாயில்லை என்று, “இதில் காணாமற்போனவர் திரும்பி வருகிறார்” என எழுதிவிடுங்கள். பிள்ளை இழப்பு, அடைத்துவைத்தல், வன்முறை ஆகியவற்றுக்கும் அப்படியே.

எழுதும் வடிவத்துக்கு, ஸ்காபரோ நாவலைப் பற்றி நான் கொப்பியில் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“போர்க்காயம் பற்றிய பகுதிகள் உண்டு. கதவு அகலத் திறந்திருக்கிறது, நான்கு காட்சிகள். இருவரும் வயது வந்த, சொந்தச் சம்பளம் உள்ள மனிதர்கள். பஸ் காசு இருக்கிறது. தழும்பைத் தொடும் காட்சிக்காகவே இதை வாசிக்கலாம். ஆனால் நாயகனின் தாய் வரும் பகுதிகள் தொலைக்காட்சித் தொடர் போல இருக்கின்றன. அவர் திருந்தியதை நான் நம்பவில்லை. முடிவுக்கு முன் இருவரும் பிரிவது வலிந்து செய்யப்பட்டது. இரண்டாம் முறை வாசித்தபோதும் விளக்கு எரியும் காட்சியில் அழுதேன்.”

பிடித்தது, பிடிக்காதது இரண்டுக்கும் இடம் குறிப்பிடப்பட்டிருப்பதையும், மதிப்பெண் எதுவும் கொடுக்கப்படாததையும் பாருங்கள். எந்தக் காட்சி கிளர்ச்சி தந்தது என்று எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம். எழுதியவரிடம் போய் அவருடைய சொந்த வாழ்வைத் துருவுவது மட்டும் எங்கள் கொப்பியில் விலக்கப்பட்டிருக்கிறது. அதனாலேயே பெயர் எழுதாமல், ஆளுக்கொரு பேனை நிறம் வைத்திருக்கிறோம்.

என் கருத்தின் கீழேயும் பச்சைப் பேனை வந்தது. “நல்லா எழுதியிருக்கிறாய். பக்கம் எத்தனை?” கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்க எண் மாறிவிடுகிறது என்று விளக்க வேண்டியதாயிற்று. அதனால் இப்போது அத்தியாய எண்ணையும், அந்த இடத்தின் முதல் மூன்று சொற்களையும் குறிக்கிறோம்.