சுங்கை சிப்புட்டுக்குப் போகும் முன் கைப்பேசியையும் தயார் செய்யுங்கள்

லண்டனிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் விடுமுறைக்குத் தோட்டப் பட்டணம் திரும்புகிற நம்மவர்கள் பெட்டியை நிரப்புவதில் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தைக் கைப்பேசிக்கும் ஒதுக்க வேண்டும். மாமா வீட்டு வைஃபையில் ஒரு செய்தித் தளம் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? அதைவிட முக்கியம், என்ன செய்யக்கூடாது? மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். தாப்பாவுக்கோ கூலிமுக்கோ போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் பயத்தைக் கழற்றி வையுங்கள். மலேசிய இணையம் சீனாவைப் போல மூடிக் கிடக்கவில்லை. புலனம் (வாட்ஸ்அப்), முகநூல், யூடியூப் எல்லாம் ஓடுகின்றன. 2018 முதல் 2024 ஆகஸ்ட் வரை 24,277 தளங்களைத் தடுத்ததாக எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையம் சொன்னது. அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல். இவற்றைத் தேடிப் போகிறவர்களுக்காக நான் எழுதவில்லை. திருட்டுப் படத் தளங்களில் படத்தோடு கிருமியும் இறங்கும்.

என் கவலை செய்தி பற்றியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் பிறந்தது. அச்சகங்களை உரிமத்தின் கீழ் கொண்டுவந்த சட்டமும் அதே ஆண்டு வந்தது. 1984இல் அது புதுச் சட்டமாக மாறி, பத்திரிகைகளின் கழுத்தில் தொடர்ந்து இருந்தது. இணையத்துக்கு மட்டும் வேறு வாக்குறுதி தரப்பட்டது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே, இந்தச் சட்டத்தின் எந்தப் பகுதியும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. ஆனாலும் 2008இல் மலேசியா டுடே என்ற அரசியல் செய்தித் தளம் தடுக்கப்பட்டது. 2015இல் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் ஊழல் விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட்டும், மறு ஆண்டு மலேசியன் இன்சைடரும் தடுக்கப்பட்டன. ஆகவே இது நடக்காத காரியமில்லை.

தடை பெரும்பாலும் டிஎன்எஸ் வழியாக நடக்கிறது. தளத்தின் பெயரைத் தட்டியதும் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது இணைய நிறுவனத்தின் சேவையகம். தடுக்கப்பட்ட பெயர் என்றால் அது வேண்டுமென்றே வேறு எண்ணைத் தரும். நாட்டின் சட்டத்தை மீறுவதால் இத்தளம் கிடைக்காது என்ற அறிவிப்பு வரலாம். பாதுகாப்பான இணைப்பு உள்ள தளமாக இருந்தால், சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி அழுத்தாதீர்கள். அங்கே நீங்கள் தேடிய தளம் இல்லை.

இந்த அளவுத் தடைக்கு, உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் விபிஎன் கூடத் தேவைப்படாது. ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த கைப்பேசிகளின் அமைப்பில் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்ற இடம் உண்டு. கிளவுட்ஃபிளேர், குவாட்நைன் போன்ற சேவைகள் தரும் பெயரை அங்கே எழுதினால், தளத்தின் எண்ணைக் கேட்கும் உங்கள் கேள்வி, இடையில் யாரும் படிக்க முடியாத மறையாக்கத்தோடு அவர்களிடம் போகும். ஐஃபோனில் கிளவுட்ஃபிளேரின் செயலி அதையே செய்கிறது. 2024 செப்டம்பரில் இந்தக் கேள்விகளையும் உள்நாட்டுச் சேவையகங்களுக்கே திருப்பிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. மக்கள் கொதித்தார்கள், சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. மீண்டும் அப்படி ஏதாவது வந்து இணையமே நின்றுபோனால், அமைப்பைத் ‘தானியங்கி’க்கு மாற்றிவிட்டு விபிஎன்னுக்குப் போங்கள்.

விபிஎன் பயன்படுத்துவது மலேசியாவில் குற்றமில்லை. ஊரில் இறங்கித் தேடாமல், கிளம்பும் முன்பே அதிகாரபூர்வ செயலிக் கடையிலிருந்து இறக்கி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இலவசமாக வேண்டுமென்றால் புரோட்டான் விபிஎன்னை நம்பலாம், அதில் தரவு வரம்பு இல்லை. நீங்கள் யார் என்று காட்டாமல் தளங்களைப் பார்க்க உதவும் தோர் உலாவி இன்னும் பத்திரமானது, ஆனால் மெதுவானது. செம்பனைக்கு நடுவே ஒற்றைக் கோடு சிக்னலில் அதை வைத்துப் பொறுமை இழக்காதீர்கள். உங்கள் வெளிநாட்டு சிம்மையே ரோமிங்கில் வைத்திருந்தால் தரவு பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனம் வழியாகவே சுற்றிப் போகும். மலேசியத் தடை அதைத் தொடாது. கட்டணத்தை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடப்பிதழைக் காட்டி வாங்கும் உள்ளூர் சிம் உங்கள் பெயரில் பதிவாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. விபிஎன் படிப்பதற்கு வழி திறக்கும். எழுதியதற்கும் பகிர்ந்ததற்கும் அது காப்பு ஆகாது. உங்கள் பெயரிலுள்ள முகநூல் கணக்கில் போட்ட பதிவு எந்த நாட்டு வழியாகப் போனாலும் உங்கள் பதிவுதான். முறையற்ற இணையப் பதிவுகளைத் தண்டிக்கும், அதே தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின் அபராதம் 2025 பிப்ரவரியில் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது, சிறை இரண்டு ஆண்டு வரை. 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டமும் இன்றுவரை இருக்கிறது. இனம், மதம், அரச குடும்பம் பற்றிய பேச்சில் கை வைக்கும் முன் யாருடைய வைஃபை, யாருடைய கைப்பேசி என்று பாருங்கள். வீட்டின் யூனிஃபை இணைய இணைப்பு அத்தை பெயரில் இருக்கும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். கதவு தட்டப்பட்டால் திறக்கப்போவது அத்தைதான். குடும்பப் புலனக் குழுவில் நீங்கள் போட்ட ஒன்றைத் தம்பி தோட்டத்துக் குழுவுக்கு அனுப்பினால் பொறுப்பு அவன் தலையில் விழும். தடைச் சோதனை செய்யும் ஊனி போன்ற செயலிகளும் நல்ல நோக்கம் கொண்டவைதான். ஆனால் அவை சர்ச்சைக்குரிய தளங்களைத் தட்டிப் பார்க்கும். உறவினர் இணைப்பில் அவற்றை ஓட்டாதீர்கள், உங்கள் சிம்மில் ஓட்டுங்கள்.

அதற்காக அவர்களுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் வருவதும் சரியல்ல. 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியின் உண்மை நிலவரத்தை நம் தோட்டத்து மக்கள் பலர் அறிந்தது குறுஞ்செய்தியாலும் வலைப்பதிவாலும்தான். செய்தி கிடைக்கும் வழி அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு மாலை உட்கார்ந்து சித்தப்பாவின் கைப்பேசியில் தனிப்பட்ட டிஎன்எஸ்ஸை அமைத்து, எங்கே நிறுத்துவது என்றும் காட்டுங்கள். புலனத்தில் வரும் ஏபிகே கோப்பு (செயலிக் கடைக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் கோப்பு) எதையும், கல்யாணப் பத்திரிகை என்றாலும் ‘இலவச விபிஎன்’ என்றாலும், தொடவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அப்படி ஒரு கோப்பால் வங்கிச் சேமிப்பை இழந்தவர்கள் மலேசியாவில் ஏராளம்.

கிளம்பும் நாளில் அவர்கள் கைப்பேசிகளில் உங்கள் விபிஎன் கணக்கு, கூகள் கணக்கு எதுவும் திறந்தபடி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலி திறக்கும்போது விபிஎன்னை நிறுத்த வேண்டியிருக்கலாம் என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.