புது ஐஸ் ஆகருக்கு பெட்ரோல் கலப்பது எப்படி, முதல் சில மணி நேரம் ஓட்டிப் பழக்குவது எப்படி

உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஓட்டை போடும் பெட்ரோல் ஆகரை வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும், கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதல் இரண்டு டேங்க் பெட்ரோலை எப்படிக் கலக்கிறீர்கள், எப்படி எரிக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அந்த இன்ஜின் பல குளிர்காலம் உழைக்குமா, முதல் வருடமே இறுகி நிற்குமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

முதலில் அது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று பாருங்கள். இன்ஜினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். அதில் பெட்ரோல் டேங்குக்கு வெறும் பெட்ரோல், இன்ஜினுக்குத் தனியாக ஆயில், எதையும் கலக்க வேண்டாம். பல இன்ஜின்கள் ஆயில் இல்லாமலே பெட்டியில் வரும், அதனால் ஆயில் ஊற்றி அளவு பார்க்காமல் கயிற்றைத் தொடாதீர்கள். இனி நான் சொல்லும் கலவையெல்லாம் டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும்.

டூ ஸ்ட்ரோக் ஆகரில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் பெட்டிக்குள் போய், அங்கே பேரிங்கையும் பிஸ்டனின் அடிப்பகுதியையும் நனைத்துவிட்டுத்தான் மேலே எரியப் போகிறது. பெட்ரோலில் ஆயில் இல்லையென்றால் உள்ளே உலோகமும் உலோகமும் நேராக உரசும். அப்படி ஓடினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

விகிதம்

கையேட்டில் அல்லது டேங்க் மூடியில் 50:1, 40:1, 32:1 என்று ஏதாவது போட்டிருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50:1 என்றால் 20 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25 மி.லி., 32:1 என்றால் சுமார் 31 மி.லி. அமெரிக்க கேலன் கணக்கில் (3.785 லிட்டர்) பார்த்தால் முறையே 2.56, 3.2, 4 அவுன்ஸ். கண் அளவில் ஊற்றாதீர்கள், அளவுக்கோடு போட்ட குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசுதானே, ஆயில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று தோன்றும். வேண்டாம். ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது, ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கிறது, சைலன்சர் அடைகிறது. முதல் டேங்குக்கு மட்டும் ஆயில் அதிகம் போடச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. உங்கள் கையேடு சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் எல்லா டேங்குக்கும் ஒரே அளவுதான்.

ஆயில் காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானதாக இருக்க வேண்டும். டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற ஜப்பானியத் தரக் குறியீடு போட்டிருந்தால் நிம்மதியாக வாங்கலாம். படகு இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்காகச் செய்தது, இதற்கு வேண்டாம். காரின் 10டபிள்யூ-30 ஆயிலைப் பெட்ரோலில் கலக்கவே கூடாது.

பெட்ரோலில் எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்தது) வரை சரி, அதற்கு மேல் போகாதீர்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குளிர் கூடக் கூட அந்த ஈரத்தைப் பெட்ரோலில் கரைத்து வைத்திருக்க அதனால் முடியாது, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கேனின் அடியில் தனியாக நின்றுவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் இருப்பதோ அடியில். அதாவது ஆயிலே இல்லாத திரவம் நேராக இன்ஜினுக்குப் போகிறது. இதனால்தான் கலந்த பெட்ரோலை 30 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று மறுபடி மறுபடி சொல்கிறார்கள்.

வருடத்தில் நாலைந்து நாள்தான் ஏரிக்குப் போவீர்கள் என்றால், ஏற்கெனவே கலந்து டப்பாவில் அடைத்து வரும் எத்தனால் இல்லாத எரிபொருளை வாங்கிவிடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் கெடாமல் ரொம்ப நாள் இருக்கும். அதன் விகிதம் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கலக்கும் முறை

பெட்ரோலுக்கென்று செய்த சுத்தமான கேன், திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு இல்லாத இடம். கேனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள், வண்டிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி கிளம்பலாம். பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயில் முழுவதையும் ஊற்றி, மூடிக் குலுக்குங்கள். அப்புறம் மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். குளிரில் ஆயில் தேன்போல் கெட்டியாகிக் கலக்க மறுக்கும், அதனால் ஆயில் புட்டியை முந்தைய இரவே கதகதப்பான இடத்தில் வைத்திருங்கள். கேன் மேல் விகிதத்தையும் தேதியையும் எழுதுங்கள். ஒவ்வொரு தடவை டேங்கை நிரப்பும் முன்னும் ஒரு குலுக்கு. ஏரியில் நிரப்பும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, ஓட்டைகளிலிருந்து தள்ளி நின்று, சிந்தாமல் ஊற்றுங்கள். சிந்துவது அந்தத் தண்ணீருக்குத்தான் போகும்.

ஸ்டார்ட் செய்வது

பிளேடு உறையைக் கழற்றிவிட்டு ஆகரை நேராக நிறுத்துங்கள். சுவிட்சைப் போட்டு, பெட்ரோல் தெரியும்வரை பிரைமர் குமிழை அழுத்துங்கள். சோக்கை முழுதாக மூடி, கயிற்றின் தொய்வை மெதுவாக இழுத்து எடுத்துவிட்டு அப்புறம் வேகமாக இழுங்கள். ஒரு தடவை "டப்" என்று சத்தம் கேட்டதும் சோக்கைப் பாதிக்குத் திறந்து மறுபடி இழுங்கள். ஓடும் இன்ஜினை ஐஸ் கூடாரத்துக்குள் வைத்திருக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ஐடிலில், அதாவது த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) அழுத்தாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, பிளேடு சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் ஸ்குரூவைக் குறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஓட்டிப் பழக்குவது

புது இன்ஜின் என்று நினைத்து ஒரு மணி நேரம் வீட்டு வாசலிலேயே ஐடிலில் ஓடவிடுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் இன்ஜினுக்கு அதனால் பயனில்லை. சிலிண்டர் சுவரில் வேண்டுமென்றே நுண்ணிய கோடுகள் போட்டு அனுப்புகிறார்கள். பிஸ்டன் ரிங் அந்தக் கோடுகளின் முனைகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் சுவரோடு படிகிறது. அப்படிப் படிய, எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கை வெளியே தள்ள வேண்டும். அந்த அழுத்தம் வேலை செய்யும்போதுதான் வரும். ஆக, ஆகரை ஓட்டைதான் போடவிட வேண்டும்.

ஆனால் எடுத்த எடுப்பில் முழு வேகம் வேண்டாம். அலுமினிய பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சுற்றியுள்ள சிலிண்டரோ மைனஸ் 20 டிகிரிக் காற்றில் குளிர்ந்தே கிடக்கும். இடைவெளி மறைந்து பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஆயில் சரியாக இருந்தும் இப்படிப் போன இன்ஜின்கள் உண்டு. ஸ்டார்ட் ஆனதும் இரண்டு நிமிடம், ஐடிலிலும் அதற்குச் சற்று மேலும் மாற்றி மாற்றி ஓடட்டும். புதுசு பழசு என்றில்லை, ஒவ்வொரு குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கும் இதேதான்.

முதல் டேங்கில் ஒரு ஓட்டை போட்டு, அரை நிமிடம் ஐடிலில் விட்டு, அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, அடுத்த ஓட்டை. பாதி முதல் முக்கால் த்ராட்டில் வரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காதீர்கள். ஆகரை அழுத்தாதீர்கள், கூரான பிளேடு தன் எடையிலேயே இறங்கும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் பிளேடு மழுங்கியிருக்கிறது. ஓட்டையிலிருந்து தூக்கும்போது சுமை இல்லாமல் முழு த்ராட்டில் கொடுத்து அலறவிடுவது புது இன்ஜினுக்கு ரொம்பக் கெடுதல். இரண்டாவது டேங்கில் ஆறவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இன்னொன்று. மைனஸ் 20 டிகிரிக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 15 சதவீதம் அடர்த்தி அதிகம். காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். அதனால் சுமை இல்லாதபோது லேசாகத் திக்குவதுபோல் சத்தம் வந்தால், அது பெட்ரோல் சற்று அதிகம் போவதன் அடையாளம்; கார்புரேட்டரைத் திருகி அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். பழக்கும் காலத்தில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போவது நல்லதுதான்.

முதல் டேங்க் முடிந்து இன்ஜின் ஆறியதும் கைப்பிடி, சைலன்சர் போல்ட்டுகளை இறுக்குங்கள், அதிர்வில் நிச்சயம் தளர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் எல்லாம் சரி. கருப்பாக ஈரமாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெள்ளையாக வறண்டிருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். பிளக் துளைவழியே சில துளி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்து, பிளக்கைத் திரும்பப் போடுங்கள். கடைசியாக, கயிறு இறுக்கமாக உணரும் இடம்வரை இழுத்து அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் பிஸ்டன் வாயு போகும் வழியை மூடியிருக்கும், கோடைக்கால ஈரம் சிலிண்டருக்குள் போகாது.