பக்கத்து வீட்டு சுடுதண்ணியப் பார்த்து சோலார் போடப் போறீங்களா

நம்ம இலங்கை மலைநாட்டுல சோலார் சுடுதண்ணி விளம்பரத்தால பரவல, மேல் வீட்டு அக்கா "வந்து கைய வச்சுப் பாருங்க"ன்னு பைப்பத் திறந்து காட்டுவாங்க பாருங்க, அதுலதான் பரவுது. 2022 ஆகஸ்ட்ல கரண்ட் விலை சராசரியா 75 சதவீதம் கூடி, அடுத்த பெப்ரவரியில மறுபடி 66 சதவீதம் கூடினப்ப எங்க லைன் வீடுகள்லயும் அந்தப் பேச்சுதான். ஆனா அக்கா வீட்டுக் கூரை வேற உங்க கூரை வேற, அதனால காசு எடுக்க முந்தி இதெல்லாம் பாருங்க.

மொதல்ல கணக்கு. 100 லீட்டர் தண்ணிய 18 பாகைல இருந்து 48க்கு சூடாக்க கிட்டத்தட்ட மூன்றரை யூனிட் கரண்ட் போகும். தெனமும் கீசர் போட்டா மாசம் நூறு யூனிட்டத் தாண்டும், யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும்ல, அப்ப சோலார் வேகமா காசத் திருப்பித் தரும். வெறகுல காய்ச்சுற வீடுன்னா பில்லு கொறையாது, வெறகு சுமக்குறவங்க முதுகுதான் தப்பிக்கும், அதனால முடிவ அவங்ககிட்டயே கேளுங்க (எங்க வீட்டுல அப்பாகிட்ட மட்டும் கேட்டோம், மூணு வருசம் இழுத்துச்சு).

அப்புறம் வெயில். பண்டாரவளை சித்தப்பா வீட்டுல ஜூன் ஜூலைல கொதிக்குதுன்னு மஸ்கெலியாவுல போடாதீங்க, மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் மஸ்கெலியாப் பக்கம் மழையும் மிஸ்ட்டும்தான், பண்டாரவளை இருக்குற ஊவாப் பக்கம் அப்ப வெளிச்சிருக்கும். தெற்கப் பார்த்து வைக்கணும்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா காலைல ஒம்பதுல இருந்து மூணு மணி வரைக்கும் எதிர் மலையோ யூக்கலிப்டஸ் மரமோ மறைக்குதான்னு நின்னு பாத்துக்கங்க. எப்படியும் கரண்ட்லயும் சூடாக்குற ஹீட்டர் கம்பி உள்ள டேங்க்காவே எடுங்க, ரெண்டு நாள் வெயில் இல்லன்னா அது இல்லாம முடியாது.

கூரைதான் பெரிய வில்லங்கம். 200 லீட்டர் டேங்க்குல தண்ணி மட்டுமே 200 கிலோ, பழைய தகரமும் உளுத்த மரமும் தாங்காது, லயம்னா, அதாவது தோட்டத்து லைன் வீடுன்னா, கூரை தோட்டத்துக்காரங்களோடது, எழுத்துல அனுமதி வாங்காம ஏறாதீங்க. வீட்டுக்குப் பின்னால ஒசரமா மண்மேடு இருந்தா அதுல கொங்கிரீட் போட்டு வச்சிடலாம், தண்ணி தானா எறங்கி வரும், பைப்புக்கு மட்டும் சூடு போகாம நல்லா ஸ்பான்ஞ் சுத்தணும்.

அடுத்தது யாரும் சொல்லாத விசயம், ஊத்துல இருந்து மலை எறங்கி வர்ற பைப் லைன நேரா கண்ணாடிக் குழாய் டேங்க்குல (கண்ணாடிக் குழாய்ங்க வெயில்ல தண்ணிய சூடாக்குற வகை) கொடுக்காதீங்க, அந்த அமுக்கத்துல எங்க டேங்க் ஒரே ராத்திரியில பலாப்பழமாட்டம் உப்பிப் போச்சு, பொருத்த வந்தவரு "லைன் அப்படித்தான்"னுட்டு போயிட்டாரு. நடுவுல மிதவை வால்வு (தண்ணி நெறைஞ்சா தானா மூடிக்கும்) வச்ச சின்ன டேங்க் ஒண்ணு வைங்க, அமுக்கம் அதோட நின்னுடும்.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி பெப்ரவரியில பனி உறையிற எடம்னா தட்டையான பேனல் வேணாம், உள்ள பைப் வெடிக்கலாம், கண்ணாடிக் குழாய்தான் நல்லது.

புது டேங்க் வந்து வருசம் ஆச்சு, அந்தியில குளிக்கிறவங்களுக்கு சூடு தாராளம். ஆனா எங்க அம்மா இன்னமும் கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடில வெட்டின குச்சி) ஒரு கட்டு அடுப்புக்கு மேல காய வச்சிருக்காங்க, கேட்டா "மழை விடட்டும் பார்ப்போம்"ங்கறாங்க.