வெல்டிங்கின் ஓரத்தை முதலில் பாருங்கள்

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் பாரந்தூக்கிகளையும் மேடைத் தாங்கிகளையும் பரிசோதிப்பவர்கள், வெல்டிங்கின் நடுப்பகுதியைவிட அது தகட்டோடு சேரும் ஓரத்தையே முதலில் கவனிக்க வேண்டும். ஏனெனில், திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் வரும் உலோகச் சோர்வு விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பெயின்டின்மீது தலைமுடிபோல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால், அவசரத்தில் பலர் செய்வதுபோல அதன்மேலேயே மீண்டும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பெயின்டை நீக்கி, விரிசலுக்குள் ஊறும் சாயத்தைப் பூசிப் பார்க்கும் சிவப்புச் சாயச் சோதனை செய்தால் விரிசலின் நுனி தெரியும். அதுவரை சுமையேற்ற வேண்டாம். எஃகில் விரிசல் சீராக வளரும் கட்டத்தில் அதன் வேகம் தகைவு வீச்சின் (சுமை ஏறி இறங்கும்போது உலோகத்தின் உள்விசை மாறும் அளவின்) ஏறத்தாழ 3ஆம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், வீச்சு இரு மடங்கானால் வேகம் சுமார் 8 மடங்காகும். விரிசல் மேலும் வளராதிருக்க அதன் நுனியில் துளையிடுவது தற்காலிகத் தடுப்பே. நுனியைத் தவறவிட்டால் அதுவும் வீண்.