பாட்டுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள்

திருப்பூரில் ஒரு அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். இப்போது 22 பிள்ளைகள். ஒருவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஒருத்திக்குக் காது மிஷின். இன்னொருவனுக்கு மூளை முடக்குவாதம், விரல்கள் மடங்கியே இருக்கும். இரண்டு பேர் வீட்டில் ஒடியா. இவர்கள் எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பதற்கு எனக்குக் கைகொடுப்பது பாட்டுதான்.

காலையில் வருகைப் பாட்டில் தொடங்குங்கள். "யாரு வந்தா, யாரு வந்தா, நம்ம வீட்டுக்கு யாரு வந்தா?" என்று நான்கு தட்டுத் தாளத்தில் நாமே கட்டிக்கொள்ளலாம். தினமும் அதே பாட்டு, அதே வரிசை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் பயந்த பிள்ளை வட்டத்துக்குள் வரும்.

முன்பெல்லாம் நான் நிறுத்தாமல் பாடுவேன். பேச்சு வராத பையன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் "யாரு வந்தா" என்ற இடத்தில் இருமல் வந்து நின்றுவிட்டேன். அந்த அமைதியில் அவன் உள்ளங்கையால் தரையில் இரண்டு தட்டு தட்டினான், சரியாகத் தாளத்தில். அத்தனை நாளும் அவனுக்கு நான்தான் இடம் விடவில்லை! இப்போது ஒவ்வொரு பிள்ளையின் முறையிலும் நிறுத்தி, மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். தட்டல், சிரிப்பு, கண்ணசைவு எதுவானாலும் அது பதில்தான். அதையே நாமும் திருப்பிச் செய்ய வேண்டும். போனில் பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான், போன் காத்திருக்காது.

தாளக் கருவிக்குச் செலவே இல்லை. சின்ன பாட்டிலில் பச்சைப்பயறு போட்டு, மூடியைப் பசை தடவி மூடி, மேலே டேப் சுற்றுங்கள். தினமும் மூடியைப் பாருங்கள், பயறு மூக்குக்குள் போனால் ஆபத்து. விரல் மடங்கிய பையனுக்கு ஒரு பழைய சாக்ஸின் மேல்பட்டையை வெட்டி, நாலு சலங்கை இறுக்கித் தைத்து மணிக்கட்டில் மாட்டிவிட்டேன். கை அசைந்தாலே சத்தம் வரும், பிடிக்க வேண்டியதில்லை.

காது மிஷின் போட்ட பிள்ளையை நம் முகத்துக்கு எதிரே உட்கார வையுங்கள். வெளிச்சம் நம் முகத்தில் விழட்டும். கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியில் அவள் இரண்டு கையையும் வைத்திருக்க, நான் பக்கத்தில் மெதுவாகத் தட்டுவேன். அதிர்வு கையில் தெரியும். சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளை இருந்தால், தட்டப் போகிறேன் என்று முதலில் வாளியைக் காட்டுங்கள். அந்தப் பிள்ளையின் பாய் கொஞ்சம் தள்ளிக் கிடக்கட்டும், அங்கிருந்தே பார்க்கலாம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

யார் எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறார்கள், எதற்குத் திரும்பவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வரும்போது அது ரொம்ப உதவும்.

அப்புறம், ஒடியா பேசும் அம்மாவிடம் அவர்கள் வீட்டுத் தாலாட்டைக் கேட்டேன். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தவர், வாசலில் நின்றபடியே இரண்டு வரி பாடினார். நான் தப்பாகப் பாடப் பாட அவர் மகள் திருத்தினாள். இப்போது மதியத் தூக்கத்துக்கு எல்லோருக்கும் அந்தப் பாட்டுதான். பாதிப் பிள்ளைகளுக்கு அது எந்த மொழி என்றே தெரியாது.