இண்டெக்ஸ் ஃபண்டில் புதிதாக இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், "நானும் நிஃப்டி 50 ஃபண்டுல எஸ்ஐபி ஆரம்பிச்சிட்டேன் அண்ணா" என்று போனை நீட்டினான். நிஃப்டி 50 என்பது இந்தியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளைக் கொண்ட குறியீடு. அதிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைப்பதுதான் இந்த வகை இண்டெக்ஸ் ஃபண்டு. எஸ்ஐபி என்றால் மாதாமாதம் ஒரு தொகை போடுவது. ஃபண்டு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'ரெகுலர் - குரோத்'. எனக்கு வயிறு எரிந்தது. 2014-ல் நான் செய்த அதே தவறு.

ரெகுலர் பிளானில் போடுவது

ஃபண்டு ஒன்றுதான், உள்ளே இருக்கும் 50 பங்குகளும் அவையேதான். ஆனால் ரெகுலர் பிளானில், விற்றுக் கொடுத்தவருக்கு வருடா வருடம் கமிஷன் போகிறது. நீங்கள் பணத்தை வைத்திருக்கும் வரை போகும். அதற்குத் தனியாக பில் வராது. தினமும் என்ஏவியிலேயே, அதாவது ஒரு யூனிட்டின் விலையிலேயே, கழிந்துவிடும். 2013 ஜனவரியிலிருந்தே, சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் உத்தரவுப்படி, இந்தக் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் இருக்கிறது. எனக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த வங்கி ஊழியர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, ஸ்டேட்மென்ட்டில் கமிஷன் என்ற வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நல்ல ஆலோசனைக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் யாரும் பங்கைத் தேர்ந்தெடுக்காத ஃபண்டுக்கு எதற்கு ஆயுள் முழுக்கக் கமிஷன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம், 20 வருடம், செலவுக்கு முன் வருடம் 12% வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ஃபண்டு வருடா வருடம் பிடிக்கும் செலவு 0.2% என்றால் கடைசியில் சுமார் 93 லட்சம். 0.7% என்றால் 85 லட்சம். "அரை பர்சென்ட்தானே" என்பவர்கள் அந்த 8 லட்சத்தைப் பார்க்க வேண்டும்.

தெரிந்தவுடன் ஆத்திரத்தில் மொத்தத்தையும் ஒரே நாளில் டைரக்டுக்கு மாற்றினேன். அது இரண்டாவது அடி. ஒரே ஃபண்டுக்குள் மாற்றினாலும் வருமான வரிச் சட்டத்தில் அது விற்பனைதான். லாபத்துக்கு வரி கட்டினேன். நீங்கள் முதலில் ரெகுலர் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு டைரக்டில் புதிதாகத் தொடங்குங்கள். பழைய யூனிட்டுகளுக்கு ஒரு வருடம் முடிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பங்கு ஃபண்டுகளில் நீண்டகால லாபம் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி கிடையாது. அதற்கு மேல் 12.5%.

மூன்று கம்பெனியின் நிஃப்டி 50 ஃபண்டு

மூன்றிலும் அதே 50 பங்குகள்தான். ஒன்று போதும்.

என்ஏவி குறைவான ஃபண்டைத் தேடுவது

10 ரூபாய் யூனிட் மலிவும் அல்ல, 200 ரூபாய் யூனிட் விலை அதிகமும் அல்ல.

சந்தை விழும்போது எஸ்ஐபியை நிறுத்துவது

2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி, மார்ச்சில் 7,600-க்கு வந்தது. அப்போது நிறுத்தியவர்கள் பலர். நவம்பரில் 13,000.